சோறு வந்த பிறகுதான் போத்தல்

அக்னெஸும் மகன் றெனோல்டும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய குளிர்பெட்டி ஒன்றின் கதவுக்கு ரப்பர் மாற்றியது. 2008 ஒக்டோபர் மாதம், சனிக்கிழமை, காலை பத்தரை மணி. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், அவர்கள் வீட்டு நிலக்கீழ் அறை.

புது ரப்பர் பெட்டிக்குள் மடிந்து வந்ததால் மூலைகள் நெளிந்திருந்தன. சூடு காட்டினால்தான் நிமிரும். றெனோல்ட் ரப்பரைப் பொருத்திக்கொண்டு போக, அக்னெஸ் பின்னால் ஹெயார் டிரையரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கிட்டப் பிடிக்காதைங்கோ அம்மா, உருகிப் போகும்."

"எனக்குத் தெரியும். நீ உன்ர வேலையைப் பார்."

"எப்பிடித் தெரியும்?"

"சபனெல் தெருவில பதினொரு வருசம் நைலோன் தைச்சனான். உருகிறதெல்லாம் எனக்குத் தெரியும்."

பேரங்காடிகளின் குளிர்பெட்டிகளைத் திருத்துவது றெனோல்டின் தொழில். கதவு சரியாக அடைக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. துண்டுக் கடதாசி ஒன்றை இடையில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். இறுகப் பிடித்தால் சரி. வழுக்கி வந்தால் காற்று போகிறது. காய்கறி விளம்பரத்தில் ஒரு துண்டு கிழித்து அவன் வைக்க, அக்னெஸ் இழுத்தார். எட்டு இடத்தில் பார்த்தார்கள். கீழ்மூலையில் மட்டும் வழுக்கியது. மறுபடியும் சூடு காட்டினார்கள். மறுபடியும் இழுத்தார். கடதாசி வரவில்லை.

"இனிக் குளிர் பதின்மூண்டு பாகையில நிக்குமோ?"

"நிக்கும்."

கதவைத் திறந்து கடதாசித் துண்டை எடுத்து, நீவி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற எந்தக் கடதாசியையும் அவர் எறிந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், ஜான்-டலோன் சந்தையில் தான் வேலை செய்யும் காய்கறிக் கடையில் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது அக்னெஸ் தலையைப் பிடித்துக்கொண்டு பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. அறுபது வயது நிறைய மூன்று மாதம் இருந்தது.

அந்தக் குளிர்பெட்டிக்குள் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. முழுக்க வைன் போத்தல்கள். மன்னார்ப் பேசாலையில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த பெண் மொன்றியலில் வைன் அடுக்கி வைத்திருக்கிறார் என்றால் சனம் சிரிக்கும். சிரிக்கத்தான் செய்தது. அக்னெஸ் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வைன் அல்ல, தன் மனுசன்.

கணவர் மரியதாசனுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர், வாய் அதிராதவர். கிழமை முழுவதும் ஒரு சொட்டும் தொடமாட்டார். சனிக்கிழமை பின்னேரம் நகுலேஸ்வரன் வருவார். இவரோடு அதே தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறவர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். இருவரும் கீழே இறங்குவார்கள். விஸ்கிப் போத்தல், மிக்சர், பொரித்த மீன். போத்தல் முடியும்வரை சோற்றுப் பேச்சு கிடையாது. மேலே குசினியில் அக்னெஸ் கறியைச் சூடாக்குவார், ஆறவிடுவார், திரும்பச் சூடாக்குவார். நாக்குச் செத்த பிறகு மேலே வந்து, கண் செருகச் செருக நாலு வாய் பிசைந்துவிட்டு எழும்புவார்கள். தெரிந்த வீடுகளிலெல்லாம் இதுதான் வழமை. குடி ஆண்களுக்கு, கீழே. சோறு பெண்களிடம், மேலே. இரண்டும் ஒரு மேசையில் சந்திப்பதில்லை.

2001ஆம் ஆண்டு வைகாசியில் வைத்தியர் மரியதாசனுக்குச் சொன்னார்: இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஈரலில் கொழுப்பு. முழுக்க விட்டால் நல்லது. முடியாவிட்டால் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன், அதற்கு மேல் இல்லை. இப்படியே போனால் ஐந்து வருடம் சொல்ல முடியாது.

மரியதாசன் ஏற்கெனவே இரண்டு தடவை மடு மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டவர். இரண்டு தடவையும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியவர். மூன்றாவது நேர்த்திக்கு ஆயத்தமானபோது அக்னெஸ் மறித்துவிட்டார்.

"மாதாவைக் கரைச்சல் படுத்தாதைங்கோ. இதை நான் பாக்கிறன்."

தையல் தொழிற்சாலை மூடியபின் அவர் ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கடைக்காரர்கள் வயதான இத்தாலியக் கணவனும் மனைவியும். மத்தியானத்தில் மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அவித்த போஞ்சியும் பாணும் தக்காளியும் வைத்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வைன். மனைவிக்கும்தான். அரைமணித்தியாலத்தில் எழும்பி இருவரும் மூட்டை தூக்கப் போய்விடுவார்கள். அக்னெஸ் இதை மூன்று கிழமை பார்த்தார். நாலாவது சனிக்கிழமை வீட்டில் அறிவித்தார்.

"இனி இந்த வீட்டில போத்தல் திறக்கிறதெண்டால் சோறு மேசைக்கு வந்த பிறகுதான். அதுவும் வைன். ஆளுக்கு ஒரு கிளாஸ். நானும் இருப்பன்."

மரியதாசன் நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க இருப்பாய்?"

"கதிரையில."

நகுலேஸ்வரன் வாசலிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "அக்கா, உது கோயில்ல பூசைக்கு வைக்கிற சாமான் எல்லோ? இஞ்ச ஆர் பாதர்?"

"நீர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். பாதர் ஆரெண்டு பேந்து பாப்பம்."

முதல் போத்தல் பிரெஞ்சுச் சிவப்பு, பத்து டொலர் சொச்சம். மரியதாசன் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. "புளிச்சுப் போச்சு."

அக்னெஸும் குடித்துப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. பேசாலையில் நத்தாருக்கு வைன் என்றால் திராட்சை வத்தலும் சீனியும் கராம்பும் போட்டு, ஜாடியில் ஊறவைத்து, வெல்லப்பாகு மாதிரி வடித்தெடுப்பது. இது வாயை இறுக்கிப் பிடித்தது. பழுதான சாமானைக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்றே நினைத்தார். இருந்தாலும் எறிய மனம் வரவில்லை. போத்தலுக்குள் மூன்று கரண்டி சீனி போட்டுக் குலுக்கினார். கறியின் உறைப்போடு சேர்ந்து அது இன்னும் கேவலமாகிவிட்டது.

திங்கட்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வைன் கடைக்குப் போனார். றெனோல்டுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வரிசையில் நின்றபோது நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கடையில் தலை நரைத்த பெண் ஒருவர் கொஞ்சம் ஊற்றி மணந்தார், நாக்கில் வைத்தார், அக்னெஸைப் பார்த்தார்.

"மடாம், இது பழுதில்லை, இதன் சுவையே இப்படித்தான். ஆனால் இதற்குள் சீனி போட்டது யார்?"

அக்னெஸ் கண் வெட்டாமல் பிரெஞ்சில் சொன்னார்: "என்ர மனுசன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். போத்தலையும் மாற்றிக் கொடுத்தார். பழுதான வைன் எப்படி இருக்கும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அது புளிக்காது. தக்கையிலிருந்து ஒரு மணம் ஏறும், நனைந்த அட்டை மாதிரி. சுவை செத்துப்போகும். அதற்குப் பிரெஞ்சில் 'புஷொனே' என்று பெயர். அப்படி ஒன்று வந்தால் பில்லோடு கொண்டு வாருங்கள், கேள்வி இல்லாமல் மாற்றித் தருவோம்.

வீடு வரும் வழியெல்லாம் அக்னெஸ் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "ஒரு நாளைக்குக் கண்டுபிடிப்பன். அண்டைக்குப் போய் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவன்."

பிறகு நடந்ததை றெனோல்ட் தன் தொழில் மொழியில் பரிசோதனை என்பான். அக்னெஸ் அதைச் சமையல் என்றுதான் சொன்னார். சந்தையில் அந்தக் கிழமை எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் கறி. கறிக்கு ஏற்றதுதான் போத்தல். பன்னிரண்டு டொலருக்கு மேல் போகமாட்டார். வைகாசியில் அஸ்பராகஸை நறுக்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால், பிரான்சின் வெள்ளை வைன் ஒன்று அதோடு ஒத்துப்போனது. ஆடியில் போஞ்சிப் பால்கறி, புதுச் சோளம். புரட்டாதியில் கத்தரிக்காயும் பூசணிக்காயும். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு ஸ்பெயின் நாட்டுக் கறுத்தச் சிவப்பைக் கொடுத்தபோது மரியதாசன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"நெருப்பில மண்ணெண்ணெய் ஊத்தினமாதிரி."

ஜெர்மன் வெள்ளை கணவாய்க் கறிக்குப் பரவாயில்லை. இத்தாலிச் சிவப்பு தக்காளிக் குழம்போடு நன்று, மீனோடு சரியில்லை. எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தார். கடையில் அந்த நரைத்த தலைப் பெண், உறைப்புக் கறிக்கு வைன் சரிவராது, பியர் எடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அக்னெஸ் விடவில்லை. பியர் எடுத்தால் மனுசன் மறுபடியும் கீழே இறங்கிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். கறியோடு ஒட்டுகிற வைன் ஒன்று கிடைத்தால்தான் அவர் மேசையில் இருப்பார். ஒட்டாவிட்டால் கடமைக்கு ஒரு கிளாஸ், மனதுக்குள் விஸ்கி.

ஒரு தை மாதம் போத்தலைக் குளிர வைக்கவென்று பல்கனிப் பனிக்குள் நட்டுவிட்டு, திருப்பலிக்குப் போய்விட்டார். அடுத்த நாள் நினைவு வந்து பார்த்தபோது தக்கை வெளியே தள்ளி, உள்ளே சிவப்பு ஐஸ்பழம். அன்றைக்குத்தான் மகனிடம் கேட்டார்.

"குளிர் அளக்கிற சாமான் ஒண்டு தா."

குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றை அவன் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு மாதத்தில் அக்னெஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். வீட்டுச் சூட்டில் ஊற்றுகிற சிவப்பு வைன் மிளகாயை எரிய வைக்கிறது. கனமில்லாத சிவப்பாகப் பார்த்து எடுத்து, பதினாலு பாகையில் ஊற்றினால் எரிவை அடக்குகிறது. றெனோல்ட் நம்பவில்லை. அவன் கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு, கறி ஒரு வாய், வைன் ஒரு வாய் என்று மூன்று கிளாஸ் கொடுத்தார். இரண்டாவது நல்லது என்றான். வெப்பமானி பதினாலு காட்டியது.

கழித்துவிட்ட குளிர்பெட்டி ஒன்றை அடுத்த கிழமையே வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து, சூடு கட்டுப்படுத்துகிற பகுதியை மாற்றி, கீழே வைத்தான். விஸ்கி மேசை இருந்த அதே இடத்தில்.

2004 சித்திரையில், நண்டு மலிந்த நாளில், அது கிடைத்தது. போர்த்துக்கல் நாட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சிவப்பு. லேபலில் மாட்டுவண்டில் படம். பதினொரு டொலர். முருங்கையிலை போட்ட நண்டுக்கறியோடு மரியதாசன் ஒரு மிடறு குடித்தார். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினார். இன்னொரு மிடறு. பிறகு கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அக்னெஸ் போத்தலைப் பார்த்தார்.

"அதில்லை. சோறு."

அக்னெஸ் சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். ஒரு நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். நகுலேஸ்வரன் தன் சோற்றுக் கோப்பையையும் நீட்டினார். "எனக்கும் போடுங்கோ அக்கா. பாதர் நீங்கள்தான், ஒத்துக்கொள்ளுறன்."

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. 2005 மார்கழியில் புரோசார்டில் ஒரு கலியாண வீடு. மண்டபத்தின் பின்பக்கம் போத்தல் திறந்தார்கள். மரியதாசனும் அங்கே போய்க் குடித்துவிட்டார். திரும்பும்போது வாகனத் தரிப்பிடத்து ஐசில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அடுத்த சனிக்கிழமை அக்னெஸ் வழமைபோலச் சோறு வைத்தார், கறி வைத்தார், வண்டில் போத்தலைத் திறந்தார். தனக்கு ஊற்றினார். மகனுக்கு ஊற்றினார். மனுசனின் கிளாசில் தண்ணீர்.

"எத்தினை நாளைக்கு?"

"கை ஆறும்மட்டும்."

ஆறு கிழமை. இடது கையால் அள்ளிச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஆறு கிழமையும் மரியதாசன் மேசையிலேயே இருந்தார். கட்டு அவிழ்த்த அன்று அக்னெஸ் கேட்காமலே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்.

மறு ஆண்டு புரட்டாதியில் கோயில் பங்கிலிருந்து போர்த்துக்கல் நாட்டுப் பாத்திமா மாதா திருத்தலத்துக்கு யாத்திரை புறப்பட்டார்கள். அக்னெஸ் மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தார். மூன்றாம் நாள் செபமாலை முடிந்ததும் மகனைக் கார் ஒன்று வாடகைக்கு எடுக்கச் சொன்னார். லேபலில் இருந்த விலாசத்தைப் பையிலிருந்து எடுத்தார். நாற்பது கிலோமீற்றர்.

காருக்குள் மரியதாசன் சொன்னார்: "மாதாவிட்ட வந்திட்டுத் தவறணைக்குப் போற முதல் ஆள் நீதான்."

"மாதாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

அறுவடைக் காலம். சங்கத்து முற்றத்தில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நின்றன. அலுவலகத்துப் பெண்ணுக்கு அக்னெஸின் பிரெஞ்சு பாதி விளங்கியது. மிச்சத்தை அக்னெஸ் கையால் விளக்கினார். தொழிலாளிகளின் சாப்பாட்டு மேசைக்கு அவர்களைக் கூட்டிப்போனார்கள். உப்பிட்ட மீன், உருளைக்கிழங்கு, கடலை, ஒரு குடுவை வைன். அக்னெஸ் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் கறித்தூளை எடுத்து, தன் உருளைக்கிழங்கில் தூவி, பக்கத்திலிருந்த கிழவரின் தட்டிலும் கேட்டுத் தூவினார். கிழவர் சாப்பிட்டார். இருமினார். கண்ணீர் வந்தது. குடித்தார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். மேசை முழுக்கச் சிரிப்பு.

றெனோல்ட் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத இரண்டு ஆண்களுக்கு நடுவில், ஒரு சொல் விளங்காமல், ஒரு மணித்தியாலம் இருந்து சாப்பிட்டார். குடுவை இரண்டாவது முறை சுற்றி வந்தபோது கிளாசின் வாயைக் கையால் மூடினார். யாரும் அவருக்கு மறித்துச் சொல்லவில்லை. அக்னெஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் பார்த்துவிட்டார் என்று மகனுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அக்னெஸ் கார் முழுக்கத் தேவாரக்காரன் மாதிரித் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தார், மாதா பாட்டு.

அக்னெஸின் முப்பத்தோராம் நாள் பூசையை வசதிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். நகுலேஸ்வரன் மட்டும் நின்றார். காருக்குப் போய் ஒரு விஸ்கிப் போத்தலோடு வந்து, நிலக்கீழ் அறையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"இண்டைக்கு மட்டும் அண்ணை. மனம் ஆறட்டும்."

மரியதாசன் போத்தலைப் பார்த்தார். ஒரு மாதத்தில் அவர் ஆறு கிலோ குறைந்திருந்தார். கோட்டு தோளில் தொங்கியது. மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஐஸ் இருக்கோ பார்."

றெனோல்ட் அசையவில்லை. ஏழு வருடம். பத்து செக்கனில் போய்விடும். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அக்னெஸ் இருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பார். அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. திரும்பிக் குளிர்பெட்டியின் கதவைப் பிடித்து இழுத்தான். அக்னெஸ் போன பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. புது ரப்பர் இறுகப் பிடித்திருந்தது. இரண்டாவது இழுவையில் வந்தது.

உள்ளே பதின்மூன்று பாகை. முன்தட்டில் வண்டில் போத்தல் ஒன்று நின்றது. திறந்து, இரண்டு கிளாஸ் அளவு எடுத்து, தக்கையைத் திரும்ப அடித்திருந்தது. கழுத்தில் ரப்பர் வளையம். வளையத்துக்குள் கடை பில். அதோடு ஒரு கடதாசித் துண்டு. கதவு இடுக்கில் வைத்து இழுத்த அதே துண்டு. வெறும் பக்கத்தில் அக்னெஸின் எழுத்து.

"பழுது. புஷொனே. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் மாத்த வேணும். மணத்தை முதல் பிடிச்சது இவர். நான் இல்லை."

அவன் அதைத் தகப்பனிடம் கொடுத்தான். மரியதாசன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை," என்றார். "நீ வேலைக்குப் போயிட்டாய். ஊத்தினவுடனேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மழைக்க விட்ட அட்டைப்பெட்டி. இருவது வருசமா மணக்கிற மணம், எனக்குத் தெரியாதோ? நான் சொல்ல அவ நம்பேல்லை. மூண்டு தரம் மணந்து பாத்தவ. பிறகு இருந்து சிரிச்சவ. ஏழு வருசமா நான் தேடினது உங்களிட்டயெல்லோ வந்திட்டுது எண்டு."

கண்ணாடியைக் கழற்றினார்.

"நகுலேஸ், உதைக் காருக்க கொண்டுபோய் வை."

"அண்ணை..."

"சோறு கிடக்கு. கத்தரிக்காய்க் கறியும் கிடக்கு. மேல வா. கதிரை இருக்கு."

நகுலேஸ்வரன் விஸ்கிப் போத்தலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறினார். மரியதாசன் வண்டில் போத்தலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். பில்லும் துண்டும் அசைந்தன.

"ஒரு மாசமாச்சு. எடுப்பினமோ?"

"தெரியாது அப்பா."

"எடுக்காட்டியும் சொல்ல வேணும். கடை எத்தினை மணிக்குத் திறக்கும்?"

"பத்து மணிக்கு."

"அந்தச் சொல்லை ஒருக்காச் சொல்லு."

றெனோல்ட் சொன்னான். தகப்பன் திருப்பிச் சொன்னார். பிழைத்தது. மறுபடியும் சொன்னார். படியேறும்போதும் சொல்லிக்கொண்டே போனார். மேலே வந்து, வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், காலையில் மறக்காமல் எடுக்கிற இடத்தில் போத்தலை வைத்தார். விடிந்தால் திங்கட்கிழமை; துண்டில் செவ்வாய்க்கிழமை என்றுதான் இருந்தது.